ஃபைட்டருக்கு நீட்டப்படும் ஒப்பந்தம்: வாங்கலாமா, வேண்டாமா?

தாராவி 90 அடி ரோட்டிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் ரயிலேறி அந்தேரிப் பக்கத்து ஜிம்களுக்குப் போய் எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புச் சண்டைக்குப் பயிற்சி எடுக்கும் நம் பிள்ளைகளில் சிலர் அமெச்சூர் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒருநாள் கையில் ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். பத்துப் பதினைந்து பக்கம், முழுக்க ஆங்கிலம், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு. வீட்டில் எழும் முதல் கேள்வி "எவ்வளவு தர்றாங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எப்ப விடுவாங்க?"

நாலு அவுன்ஸ் கிளவுஸ் வாங்கினால்கூடத் தையலை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஒப்பந்தமும் ஒரு சரக்குதான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை உடம்பு நன்றாக ஒத்துழைக்கும் ஏழெட்டு வருடங்கள். எனவே அதையும் சரக்காகவே வைத்துப் பார்க்கலாம். இங்கே போட்டி நடத்தும் உள்ளூர் ப்ரோமோட்டர்கள் தருகிற தாளும், ஆசியாவின் பெரிய லீக்குகள் தருகிற தாளும், எம்எம்ஏவின் மிகப் பெரிய அமைப்பான அமெரிக்காவின் யுஎஃப்சி தருகிற தாளும் ஒரே குடும்பம். பெரியதைப் பார்த்துத்தான் சின்னது எழுதப்படுகிறது. தொகை மாறும், ஷரத்துகளின் சாயல் மாறாது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பணத்தில் சுமார், வெளியே வரும் வழியில் மோசம். ஆனால் நாலைந்து வரிகளைத் திருத்தி வாங்கினால் கையெழுத்துப் போடத் தகுந்ததுதான்.

பணம்

பெரும்பாலான ஒப்பந்தங்களில் சம்பளம் இரண்டு துண்டு. ஃபைட் நடக்கும் கூண்டான கேஜுக்குள் இறங்கினால் ஷோ மணி, ஜெயித்தால் அதே அளவு வின் மணி. யுஎஃப்சியில் புதிதாகச் சேர்பவருக்கு நெடுநாள் 10,000 டாலர் ஷோ, 10,000 டாலர் வின் என்றிருந்தது. பிறகு 12,000 - 12,000 ஆனது. கேட்பவர்கள் உடனே இரண்டையும் கூட்டி 24,000 என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். அங்கேதான் கணக்குத் தப்புகிறது. மூன்று நடுவர்களில் ஒருவர் ஒரு ரவுண்டை மாற்றிப் போட்டால் சம்பளம் பாதியாகிவிடும். வீட்டுச் செலவை ஷோ மணியை மட்டும் வைத்தே திட்டமிடுங்கள்.

அந்த 12,000 டாலர் கைக்கு வரும்போது என்ன ஆகிறது? அமெரிக்காவில் ஃபைட், முடிவு தோல்வி என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு விளையாட்டு வீரருக்கு அங்கே 30 சதவீதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்: 3,600 போயிற்று. மேனேஜருக்கு 15 சதவீதம் என்றால் 1,800. கோச்சுக்கு 10 சதவீதம் என்றால் 1,200. மீதி 5,400. ஃபைட்டுக்கு முந்தைய எட்டு வாரக் கேம்ப்பின் (தீவிரப் பயிற்சிக் காலத்தின்) ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டை, ஃபிஸியோ, சாப்பாடு, ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, ரவுண்டு இடைவெளியில் கவனித்துக்கொள்ளும் இரண்டாவது கார்னர்மேனின் டிக்கெட் எல்லாம் அந்த 5,400-க்குள் அடங்க வேண்டும். மேனேஜரின் சதவீதம் வரிக்கு முந்தைய தொகையிலா, பிந்தைய தொகையிலா என்று மேனேஜர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் முந்தையதில்தான் எடுப்பார். அங்கே பிடித்த வரிக்கு 1042-எஸ் என்ற படிவம் வரும். பத்திரமாக வையுங்கள், இங்கே வருமான வரிக் கணக்கில் அதற்குக் கழிவு கேட்கலாம்.

உள்ளூர் ஃபைட்டில் ப்ரோமோட்டர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். பிடித்ததோடு சரி, கட்டினாரா என்பது வேறு விஷயம். ஃபைட் முடிந்து அடுத்த காலாண்டில் வருமான வரித் துறைத் தளத்தில் உங்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திறந்து உங்கள் பான் எண்ணில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் அரசாங்கத்துக்குப் போக வேண்டிய உங்கள் பணம் அவரிடமே இருக்கிறது என்று அர்த்தம்.

ஃபைட்டுக்கு ஒப்புக்கொண்ட எடை வரம்பைத் தவறினால் ஷோ மணியில் 20 முதல் 30 சதவீதம் எதிராளிக்குப் போவது வழக்கம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதிராளி எடை தவறி, ஃபைட்டே ரத்தானால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பல தாள்கள் சொல்வதே இல்லை. நீங்கள் எடையைத் தொட்டுவிட்டீர்கள், உப்பையும் தண்ணீரையும் நிறுத்திப் பட்டினி கிடந்தாயிற்று, ஃபைட் இல்லை. "எடை பார்த்துத் தேறியவருக்கு, ஃபைட் நடக்காவிட்டாலும் ஷோ மணி முழுதும்" என்ற ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நியாயமான ப்ரோமோட்டர் இதை மறுப்பதில்லை.

இத்தனைக்கும் மேலே இருக்கிற கேள்வி பங்கு. என்பிஏ கூடைப்பந்தில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. யுஎஃப்சியில் அது 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போன ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. பாராமவுன்ட் நிறுவனத்தோடு 2026 முதல் ஏழு ஆண்டுக்கு 7.7 பில்லியன் டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்ட அமைப்பு இது. கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சேர்ந்து உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். ஃபைட்டர்கள் சட்டத்தின் பார்வையில் தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். குத்துச்சண்டைக்காரர்களுக்காவது அமெரிக்காவில் 2000-ல் வந்த முகமது அலி சட்டம் இருக்கிறது. அந்த ஃபைட்டில் எவ்வளவு வசூல் என்பதை ப்ரோமோட்டர் குத்துச்சண்டைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். எம்எம்ஏ அந்தச் சட்டத்துக்குள் இல்லை. அதைச் சேர்க்க 2016-ல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. மொத்த வசூல் தெரியாதவன் பேரம் பேசுவது, எடைக்கல்லைக் காட்டாத கடையில் சாமான் வாங்குவது போலத்தான்.

கட்டு

இனி வருவதுதான் சரக்கின் அடிப்பாகம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

காலம் என்ற ஷரத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: "நான்கு ஃபைட்டுகள் அல்லது 24 மாதங்கள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை." அந்தப் 'பிந்தியதோ' என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். இரண்டு வருடத்தில் உங்களுக்கு இரண்டே ஃபைட் தந்தால் ஒப்பந்தம் முடியாது, மீதி இரண்டையும் அவர்கள் தரும்வரை ஓடும். அதே இடத்தில் 'முந்தியதோ' என்றிருந்தால் 24-வது மாதம் நீங்கள் சுதந்திரம். ஒரே ஒரு சொல். மாற்றச் சொன்னால் சிரித்துக்கொண்டே "எல்லாம் ஸ்டாண்டர்ட்தான்" என்பார்கள். மறுபடியும் கேளுங்கள்.

அடுத்தது ஃபைட்டின் எண்ணிக்கை. "வருடத்துக்கு மூன்று ஃபைட் வரை" என்பது வாக்குறுதி இல்லை. 'வரை' என்பதில் பூஜ்யமும் அடங்கும். "குறைந்தது இரண்டு, தராவிட்டால் தராத ஃபைட்டுக்கு ஷோ மணி" என்றிருந்தால்தான் அதற்கு மதிப்பு. இடைவெளி எவ்வளவு நீளும் என்பதற்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. அன்ஷுல் ஜுப்லி, யுஎஃப்சிக்கு ஆள் எடுக்கும் ரோட் டு யுஎஃப்சி போட்டியில் வென்று 2023 பிப்ரவரியில் ஒப்பந்தம் பெற்றார். முதல் ஃபைட் அந்த அக்டோபரில் அபுதாபியில், அடுத்தது 2025 பிப்ரவரியில் சிட்னியில். நடுவே பதினைந்து மாதத்துக்கும் மேல். இடைவெளிக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், காயம், எதிராளி, விசா என்று. வாடகைக்கு அந்தக் காரணங்கள் தெரியாது. இடையில் வேறெங்கும் ஃபைட் செய்ய எக்ஸ்க்ளூசிவ் ஷரத்து விடாது. சிலவற்றில் கிராப்ளிங் (குத்தில்லாமல் பிடித்து மடக்கும்) போட்டிக்கும் குத்துச்சண்டைக்கும்கூட எழுத்து மூலம் அனுமதி வேண்டும். குறைந்தபட்சம் ஜியு-ஜிட்சு, கிராப்ளிங் இரண்டையும் விலக்கில் எழுதி வாங்குங்கள். கேம்ப் இல்லாத மாதங்களில் உடம்பையும் பெயரையும் உயிரோடு வைத்திருப்பவை அவைதான்.

நீட்டிப்பு ஷரத்துதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காயம், ஃபைட்டை மறுத்தது, ஓய்வு அறிவித்தது, விசா கிடைக்காதது என எந்தக் காரணத்தால் நீங்கள் இறங்காவிட்டாலும் அத்தனை நாளும் காலத்தில் கூட்டப்படும். ஓய்வு பெற்றால் கடிகாரம் அப்படியே நிற்கும். ராண்டி கூச்சர் யுஎஃப்சி சாம்பியனாக இருந்தபோது 2007 அக்டோபரில் ராஜினாமா செய்தார். வழக்கு, எதிர்வழக்கு என்று ஒரு வருடம் போனது. 2008 நவம்பரில் அதே யுஎஃப்சி கேஜுக்குள் திரும்பி வந்து பிராக் லெஸ்னருடன் மோதினார். அப்போது அவருக்கு வயது 45. ஒரு வருடத்தை இழக்கிற வயதா அது?

சாம்பியனுக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. பெல்ட் கையில் இருக்கும்போது காலம் முடிந்தால் ஒப்பந்தம் தானாக நீளும். அதாவது மதிப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் சந்தைக்குப் போக முடியாது. இதிலிருந்து வெளியே வந்தவர் யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஃபிரான்சிஸ் இங்கானு. பின்னாளில் யுஎஃப்சி ஒப்பந்தங்களில் ஐந்தாண்டு உச்சவரம்பு ஒன்று வந்தது, அவர் அதற்காகக் காத்திருந்தார். 2022 ஜனவரியில் சிரில் கானை வென்ற பிறகு அங்கே இறங்கவே இல்லை. முழங்கால் அறுவை சிகிச்சையும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. 2023 ஜனவரியில் பெல்ட்டை விட்டுவிட்டு வெளியேறி, மே மாதம் பிஎஃப்எல் என்ற போட்டி லீக்கில் சேர்ந்து, அக்டோபரில் ரியாத்தில் குத்துச்சண்டைச் சாம்பியன் டைசன் ஃபியூரியோடு குத்துச்சண்டை மேடை ஏறினார். ஒரு வருடம் சும்மா உட்கார அவரால் முடிந்தது. மாதுங்காவில் பகலில் பெர்சனல் ட்ரெயினிங் சொல்லிக்கொடுத்து மாலையில் பயிற்சி எடுக்கிற பையனால் முடியாது. அதனால் உச்சவரம்பு தேதி எல்லாத் தாளிலும் வேண்டும்: "எந்த நீட்டிப்பு சேர்ந்தாலும் கையெழுத்திட்ட நாளிலிருந்து 36 மாதத்துக்கு மேல் போகாது." நாங்கள் ஒரே ஒரு திருத்தம்தான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்போம்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கயிறு மிச்சமிருக்கும், மேட்சிங் ஷரத்து. வேறொருவர் உங்களுக்குத் தரும் விலையைப் பழைய ப்ரோமோட்டர் அப்படியே தந்தால் நீங்கள் பழையவரிடமே போக வேண்டும். எட்டி ஆல்வாரெஸ் என்ற ஃபைட்டர், யுஎஃப்சிக்குப் போட்டி அமைப்பான பெல்லேட்டரின் ஒப்பந்தம் முடிந்ததும் யுஎஃப்சியிடம் விலை பெற்றார்: கையெழுத்துக்கு 2,50,000 டாலர், ஃபைட்டுக்கு 70,000 ஷோ, 70,000 வின், அதற்கு மேல் பே-பெர்-வியூவில் (ரசிகர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காசு கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பில்) பங்கு. பெல்லேட்டர் அதற்கு ஈடு தருவதாகச் சொன்னது. யுஎஃப்சியின் பே-பெர்-வியூவும் பெல்லேட்டரின் பே-பெர்-வியூவும் காகிதத்தில் ஒரே சொல்தான். வாங்கிப் பார்த்த ஆட்களின் எண்ணிக்கை ஒன்றா? அந்தத் தகராறு நீதிமன்றத்துக்குப் போய், 2013-ல் இரு தரப்பும் சமாதானம் ஆகும்வரை அவர் கேஜுக்குள் இறங்கவில்லை. இப்படி ஒரு ஷரத்து இருக்கும்போது புதிய ப்ரோமோட்டர்கள் விலை சொல்லவே தயங்குவார்கள். நான் விலை நிர்ணயித்துக் கொடுக்க, அவன் தட்டிக்கொண்டு போவான் என்றால் நான் ஏன் மெனக்கெட வேண்டும்?

இங்கேதான் இந்திய ஃபைட்டருக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகிர் கானின் விளம்பர உரிமைகளை மூன்று ஆண்டுக்குப் பெற்றிருந்த பெர்செப்ட் டி'மார்க் நிறுவனம், காலம் முடிந்த பிறகும் வேறு யார் விலை சொன்னாலும் முதல் உரிமை தனக்குத்தான் என்று தடை கேட்டது. பாம்பே உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், 2006-ல் தடை மறுக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் கட்டிப்போடும் அப்படிப்பட்ட ஷரத்து 27-வது பிரிவுக்கு முரண் என்பது நீதிமன்றத்தின் பார்வை. மேட்சிங் ஷரத்தும் அதே சாதிதான்.

ஆனால் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று, ஒப்பந்தக் காலத்துக்கு உள்ளே 'வேறெங்கும் போகாதே' என்பதை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. மேலே சொன்ன நீட்டிப்பு ஷரத்து ஆபத்தாவது இதனால்தான்: காலம் முடியவே இல்லை என்று காட்டிவிட்டால் 27-வது பிரிவுக்கு வேலை குறைந்துவிடும். இரண்டு, கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் "சிங்கப்பூர் சட்டம், சிங்கப்பூர் நடுவர் மன்றம்" என்றோ "நெவாடா சட்டம்" என்றோ ஒரு பத்தி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டால் நம் ஊர்ச் சட்டத்தைக் காட்டவே வெளிநாட்டு வக்கீலுக்குக் காசு கட்ட வேண்டிவரும். உள்ளூர் ப்ரோமோட்டர் தாளில் "மும்பை நீதிமன்றம்" என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். காப்பியடித்த தாள்களில் சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதுண்டு. வயதையும் பாருங்கள்: 18 நிரம்பாதவர் போட்ட கையெழுத்து இங்கே செல்லாது. அந்த வயதுப் பையனிடம் தாளை நீட்டுகிற ப்ரோமோட்டரிடமிருந்து விலகிவிடுங்கள்.

முகமும் பெயரும்

உங்கள் படம், பெயர், பட்டப்பெயர், ஃபைட் காட்சிகள் எல்லாம் "என்றென்றைக்கும், உலகெங்கும்" அவர்களுக்கு என்று ஒரு ஷரத்து இருக்கும். ஃபைட் காட்சி அவர்களுடையது, அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் முகம் அப்படியில்லை. 2008 நவம்பரில் வீடியோ கேமுக்காக வாழ்நாள் உரிமையை எழுதித் தர மறுத்த ஃபைட்டர் ஜான் ஃபிட்சை யுஎஃப்சி வெளியே அனுப்பியது. மறுநாளே சமரசமாகித் திரும்பச் சேர்ந்தார். அதற்குச் சற்று முன்புதான் வெல்டர்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன் பெல்ட்டுக்கு மோதியவர் அவர். "ஒப்பந்தக் காலம் வரை, நிகழ்ச்சி விளம்பரத்துக்கு மட்டும்" என்று சுருக்கச் சொல்லுங்கள்.

ஷார்ட்ஸில் யார் பெயர் இருக்கலாம் என்பதும் காசுதான். யுஎஃப்சியில் 2015 ஜூலையில் ரீபாக் சீருடை வந்ததும் ஃபைட்டர்கள் சொந்தமாகப் பிடித்த ஸ்பான்சர்களை ஷார்ட்ஸிலும் பேனரிலும் காட்ட முடியாமல் போயிற்று. அதற்கு ஈடாகப் புதியவருக்கு ஃபைட்டுக்கு 2,500 டாலர். மும்பையில் புதியவருக்கு ஸ்பான்சர் என்றால் பக்கத்துச் சப்ளிமென்ட் கடை, ஊர்க்காரரின் ட்ராவல்ஸ், சங்கத்துப் பெரியவர் ஒருவரின் ஹார்டுவேர் கடை. தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் கேம்ப்பின் முட்டையும் கோழியும் அதில்தான் வருகிறது. ஷார்ட்ஸின் ஒரு காலாவது உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள்.

காயம்

இந்தச் சரக்கில் எங்களுக்கு அதிகம் வயிற்றெரிச்சல் தருவது இது. ஃபைட் இரவில் வரும் காயத்துக்கு ப்ரோமோட்டர் காப்பீடு எடுப்பது உண்டு. அதன் உச்சத் தொகையையும், எத்தனை நாள்வரை சிகிச்சை செல்லும் என்பதையும் கேளுங்கள். மூக்கு உடைந்தது அன்றே தெரியும். தோள் கிழிந்தது பல நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் எம்ஆர்ஐயில் தெரியும். பயிற்சியில் வரும் காயம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். யுஎஃப்சியே பயிற்சிக் காயத்துக்கான விபத்துக் காப்பீட்டை 2011-ல்தான் கொண்டுவந்தது. வீட்டு மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 09 என்ற பத்தியைப் பாருங்கள்: ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டதால் வரும் சிகிச்சைச் செலவு கிடையாது. சம்பளம் வாங்கிய அன்றே நீங்கள் தொழில்முறை.

வழக்கு மாற்றியதும் மாற்றாததும்

இந்த ஷரத்துகளை எதிர்த்து ஃபைட்டர்கள் 2014 டிசம்பரில் தொடுத்த வழக்கில், 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை யுஎஃப்சியில் இறங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 335 மில்லியன் டாலர் சமரசம் ஒன்றை 2024 ஜூலையில் நீதிபதி நிராகரித்தார். 375 மில்லியனுக்கு உயர்ந்த பிறகு 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் தந்தார். பலருக்கு வாழ்க்கையையே மாற்றும் தொகை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சமரசம் பழைய நஷ்டத்துக்கான பணம் மட்டும். ஒப்பந்தத்தின் வாசகத்தை மாற்றும்படி அதில் எதுவும் இல்லை. 2017 ஜூலைக்குப் பிறகு இறங்கியவர்களுக்குத் தனி வழக்கு.

கையெழுத்து நாள்

தாள் வந்ததும் குறைந்தது ஏழு நாள் கேளுங்கள். எடை பார்க்கும் மேடைக்குப் பின்னால் வைத்து நீட்டினால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஒப்பந்த வேலை செய்யும் வக்கீலிடம் காட்டுங்கள். மேனேஜர் அறிமுகப்படுத்தும் வக்கீல் வேண்டாம், அவர் மேனேஜருக்கு வேண்டியவர். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அம்மா கேட்கிற கேள்விகள் பலமுறை வக்கீல் கேட்காதவையாக இருக்கும்.

"நாங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டோம் ப்ரோ" என்ற பதிலுக்கு ஒரே மறுமொழி: "அப்ப அதை எழுதிடலாமே." வாட்ஸ்அப்பில் தந்த வாக்கும் தாளில் ஏறட்டும், "இதற்கு முந்தைய பேச்செல்லாம் செல்லாது" என்று கடைசியில் ஒரு ஷரத்து இருக்கும். ஒரு தோல்விக்குப் பிறகு உங்களை நீக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தால், பன்னிரண்டு மாதம் ஃபைட் தராவிட்டால் விலகும் உரிமை உங்களுக்கும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வையுங்கள்; திருத்திய இடத்தில் இரு தரப்பும் வைக்க வேண்டும். ப்ரோமோட்டரின் கையெழுத்தும் விழுந்த நகல் உங்கள் கைக்கு வரும்வரை போஸ்டருக்குப் படம் அனுப்பாதீர்கள்.